பகலுக்கு ஒரு கூரை

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது ஒரு தனி உரிமை. அன்று இட்லிக் கொப்பரை சற்றுத் தாமதமாகத்தான் அடுப்பேறும். இரண்டாவது காப்பியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மலை மந்திருக்குச் சென்று முருகனைத் தரிசித்துத் திரும்புவோர் ஒருபுறம், ஐ.என்.ஏ. அங்காடியில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிவரக் கிளம்புவோர் மற்றொருபுறம். இந்த இன்பங்களைச் சற்றே சுருக்கிக்கொண்டு, நம் சங்கத்து அன்பர்களாகிய நாங்கள் எண்மர், மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மெட்ரோ ரயிலேறிக் காஷ்மீரி கேட்டில் இறங்கி, யமுனா பஜார்ப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறோம். எங்கே போகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று சங்க விழாக்களில் பலர் கேட்டதுண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைக் காட்டிலும், நம் திங்களிதழின் வாயிலாக எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாமே என்றார் ஆசிரியர். ஆகவே இக்கட்டுரை.

நாங்கள் போவது ஒரு பகல் இல்லத்துக்கு. வீடற்றோர் பகற்பொழுதில் வந்து தங்கிச் செல்வதற்கென ஓர் அறநிலையத்தார் நடத்தும் இடம் அது. தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடாமல் விடுகிறோம். நீண்ட கூடம் ஒன்று, அதன் பின்னே நான்கு குளியலறைகள், ஒரு சமையற்கட்டு, வேப்பமரம் நிற்கும் சிறு முற்றம். காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடுகிறார்கள். ஊதியம் பெற்று உழைப்போர் மூவரே. ஏனைய பணிகளெல்லாம் தொண்டர்களுடையவை. வாரநாட்களில் கல்லூரி மாணவர் சிலரும், ஓய்வுபெற்ற மருத்துவத் தாதி ஒருவரும், சாந்தினி சவுக்கில் துணிக்கடை வைத்திருக்கும் சர்தார்ஜி ஒருவரும் வருகிறார்கள். ஞாயிறு எங்கள் முறை.

இரவில் தங்க இடமில்லாதவருக்கு இரவு விடுதி வேண்டும் என்பது விளங்குகிறது; பகலுக்கு எதற்கு ஓர் இல்லம் என்று வாசகர்கள் வினவக்கூடும். நாங்களும் அவ்வாறே வினவியவர்கள்தாம். விடை தெரிந்துகொண்ட கதை எங்களுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். சங்கத்தில் நிதி திரட்டி நூறு கம்பளிகள் வாங்கினோம். இரவு பத்து மணிக்கு இரண்டு வண்டிகளில் புறப்பட்டு, நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்தவர்மேல் போர்த்திவிட்டு வந்தோம். புகைப்படமும் எடுத்துக்கொண்டோம், அது இவ்விதழிலேயே வெளிவந்ததை நினைவில் வைத்திருப்போர் இருக்கலாம். நான்கு நாள் கழித்து அவ்வழியே சென்ற எங்கள் அன்பர் ஒருவர், நாங்கள் கொடுத்த கம்பளிகளுள் ஒன்று பழந்துணி வியாபாரியின் கயிற்றில் தொங்குவதைக் கண்டார். கொதித்துப்போய்த் திரும்பினார். இவர்களுக்குச் செய்வதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று செயற்குழுவிலேயே பேசினார். மறுத்துச் சொல்ல எங்களுக்கும் வாய் எழவில்லை.

அந்த வாரத்தில்தான் பகல் இல்லத்தை நடத்திவரும் அம்மையாரைச் சந்திக்க நேர்ந்தது. எங்கள் மனக்குறையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “காலை ஐந்து மணிக்கு நடைபாதையைக் காலி செய்தாக வேண்டும். ஆறு மணிக்குக் கூலியாட்கள் கூடும் சந்தியில் நின்றாக வேண்டும். அந்தக் கம்பளியை அவர் எங்கே வைத்துவிட்டுப் போவார்?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தோளில் போட்டுக்கொண்டு நின்றால், வீதியில் கிடப்பவன் என்று மேஸ்திரி ஒதுக்கிவிடுவார். மரக்கிளையில் சொருகி வைத்தால் துப்புரவு வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே காலையில் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, இரவு வந்ததும் ரஜாயை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஜும்மா மசூதியை அடுத்த தெருக்களில் ரஜாயை இரவுக் கணக்கில் வாடகைக்கு விடுவது ஒரு தொழிலாகவே நடைபெற்று வருகிறது. பருத்தி அடைத்த கனத்த மெத்தைப் போர்வை. விடியற்காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் பகல் முழுவதும் அதைச் சுமக்கும் தொல்லை இல்லை. நாம் இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு இல்லாத வசதி, காசு கொடுத்து எடுக்கும் பொருளுக்கு இருந்தது.

வீடில்லாமை இரவில்தான் நம் கண்ணில் படுகிறது. பகலில் அவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடுகிறார்கள். திருமண ஊர்வலத்தில் தலையில் விளக்கைச் சுமந்து செல்பவர், விருந்துக்குப் பின் மலைபோல் குவிந்த தட்டுகளைக் கழுவுபவர், தந்தூர் அடுப்பருகே நின்று ரொட்டி சுடுபவர், காரீ பாவ்லியில் மிளகாய் மூட்டை தூக்குபவர், சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர் – இவர்களுள் எத்தனை பேருக்கு அன்றிரவு தலைசாய்க்க இடமில்லை என்பது நமக்குத் தெரிவதில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28-ஆம் நாள் இரவை ஒதுக்கினார்கள். சாலையோரம், மேம்பாலத்தடி, மாடிப்படியின் கீழ், கோயில் மண்டபம், ரயில் நிலைய மேடை, பூமியில் புதைப்பதற்காகக் கிடத்தியிருக்கும் பெருங்குழாய் ஆகிய இடங்களிலெல்லாம் தேடி எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்றும், அவர்களுள் 9 லட்சத்து 38 ஆயிரம் பேர் நகரங்களில் இருப்போர் என்றும் கணக்கு வந்தது. டில்லியில் மட்டும் ஏறத்தாழ 47 ஆயிரம். உறங்கும் ஆளைத் தேடி ஓரிரவில் எடுக்கும் கணக்கில் விடுபட்டோர் பலர் இருப்பார்கள் என்பது இத்துறையில் உழைப்போர் கருத்து.

அரசும் நீதிமன்றமும் வாளாவிருந்தன என்று சொல்வதற்கில்லை. 2010-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உச்சநீதிமன்றம் இதில் தலையிட்டது. பெருநகரங்களில் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தங்குமிடம் இருக்க வேண்டும், அது குளிர்காலத்துக்கு மட்டுமின்றி ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்பது அப்போது வகுத்த நெறி. 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் தங்குமிடங்களுக்கு வழி செய்தது. டில்லியில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வாரியத்தின் பொறுப்பில் ‘ரைன் பசேரா’ என்ற விடுதிகள் நடந்து வருகின்றன. சில கட்டடங்கள், சில தகரக் கூண்டுகள், குளிர்காலத்தில் கூடாரங்களும் எழும். இவ்வளவு இருந்தும் ஏன் நடைபாதையில் படுக்கிறீர்கள் என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்கிறார்கள். கூலி கிடைக்கும் சந்தியை விட்டு விடுதி தொலைவில் இருக்கிறது என்பார் ஒருவர். பை திருடு போயிற்று என்பார் மற்றொருவர். கணவன் ஓரிடம் மனைவி ஓரிடம் என்று பிரிக்கிறார்கள் என்பாள் ஒரு பெண். மூட்டைப்பூச்சி என்பார் இன்னொருவர். இக்காரணங்களை நாங்கள் தரம் பிரித்துப் பார்ப்பதில்லை.

பகலில் பொது இடத்தில் சும்மா அமர்ந்திருப்பதிலும் ஓர் அச்சம் இருந்து வந்தது. 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் டில்லிக்கும் நீட்டிக்கப்பட்டு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. கையேந்துவது மட்டும் அச்சட்டத்தின்படி பிச்சையன்று. பிழைப்புக்கு வழியேதும் கண்ணுக்குப் புலப்படாமல் பொது இடத்தில் திரிவதும் பிச்சையே. வாரண்டு இன்றிப் பிடிக்கலாம். முதன்முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை அடைத்து வைக்கலாம். 2018 ஆகஸ்டில் டில்லி உயர்நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கும் பகுதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் வயது முதிர்ந்தவர்கள் காக்கி உடுப்பைக் கண்டால் இன்றும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆயிற்றே என்று நாங்கள் சொல்லிப் பார்த்ததுண்டு. கால்களுக்குத் தீர்ப்பு தெரியாது என்று ஒரு பெரியவர் சிரித்தார்.

பெண்களுக்குப் பகல் வேறுவிதம். வீதியில் வாழும் பெண்களுள் பலர் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் உறங்குகிறார்கள். ஏன் என்று நாம் கேட்கத் தேவையில்லை. ஆகவேதான் கூடத்தின் ஒரு பகுதியைத் திரையிட்டு அவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அத்திரைக்கு அப்பால் ஆண் தொண்டர்கள் போவதில்லை. எங்களுள் மூவர் சகோதரிகள்; அவர்களே அங்கே பொறுப்பு. அவர்கள் செய்யும் தொண்டில் பெரும்பகுதி, வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதுதான். ஒருவர் காவல் இருக்கிறார் என்ற உறுதி இருந்தால் போதும், பத்துப் பெண்கள் கண்ணயர்ந்து தூங்குகிறார்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் கச்சேரியைப் பற்றியும் சொல்லிவிடுவோம். தொண்டு தொடங்கிய இரண்டாவது மாதம், சங்கத்தின் சார்பில் வயலினும் மிருதங்கமுமாக ஒரு பக்க வாத்தியக் குழுவையே அழைத்துச் சென்று, துளசிதாசர் பஜனைப் பாடல்களுக்கு ஏற்பாடு செய்தோம். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கூடத்தில் பாதிப்பேர் குறட்டை விட்டார்கள். வித்துவானுக்கு முகம் சிவந்தது, எங்களுக்கும்தான். பின்னர் அம்மையார் சொன்னார்: “நான்கு நாளாக ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் தூங்காதவர்கள் அவர்கள். உங்கள் பாட்டுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?” அதன்பின் நிகழ்ச்சிகளைத் திட்டமிடும்போது, அவர்களுக்கு எது நல்லது என்று எங்களுக்குள் கூடிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம்.

இப்போது நடைபெறுவன யாவை? முதலாவது, பெட்டி அடுக்கு. சுவரோரமாக அறுபது சிறு இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் எண், பூட்டு. காலையில் போர்வையையும் பையையும் அதில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். மாலை ஆறு மணிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ஒரு நிகழ்ச்சி என்று சொல்வதா என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இந்த இல்லத்தில் எல்லோரும் முதலில் கேட்பது சோறன்று, பெட்டிதான். சோற்றுக்கு அப்பகுதியில் அவ்வளவு பஞ்சமில்லை. செவ்வாயும் சனியும் அனுமார் கோயிலில் பூரியும் அல்வாவும் கிடைக்கும். சாந்தினி சவுக்கு சீஸ் கஞ்ச் குருத்வாராவில் வந்தவருக்கு இல்லையென்று சொல்வதில்லை. பெட்டி கொடுப்பார்தாம் இல்லை. அறுபது பெட்டிக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் வரிசையில் இருக்கிறார்கள்.

அடுத்து முடிதிருத்தம். வாரம் ஆறு நாள் கடையில் உழைக்கும் தொழிலாளர் ஒருவர், தம் விடுமுறை நாளில் வேப்பமரத்தடியில் கண்ணாடியை மாட்டிவிட்டு நிற்கிறார். சவரம் செய்த முகத்துக்குக் கூலிச் சந்தியில் முதலில் அழைப்பு வரும் என்பது அவர் கண்ட உண்மை. தாமும் ஒரு காலத்தில் அதே நடைபாதையில் கிடந்தவர் என்று ஒரே ஒருமுறை சொன்னார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

எழுத்தறிவு வகுப்பை எங்களுள் ஓர் அம்மையார், தமிழ்ப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், நடத்துகிறார். தொடக்கத்தில் நாகரி அரிச்சுவடி அட்டைகளை எடுத்துச் சென்றார். முதல் வாரம் பதினெட்டுப் பேர். நான்காம் வாரம் இருவர். ஐம்பது வயதில் மாம்பழப் படத்தைக் காட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் யார்தான் வருவார்? பிறகு அவர்களையே கேட்டார். தொலைபேசி எண்களை எழுதவும் படிக்கவும் வேண்டும், கூலிச் சீட்டில் போட்டிருக்கும் தொகை சரியா என்று பார்க்க வேண்டும், தங்கள் பெயரை எழுத வேண்டும், இவ்வளவே. இப்போது வகுப்பு எண்ணிலிருந்து தொடங்குகிறது, ஆளும் குறைவதில்லை. நாற்பதைக் கடந்தவர்கள் பலருக்கு எழுத்து தெரியாததன்று குறை, அருகில் இருப்பது கண்ணுக்குத் தெரியாததே என்பதும் அங்கேதான் புலனாயிற்று. ஆயத்தமாக விற்கும் படிக்கும் கண்ணாடிகள் ஒரு பெட்டி வாங்கி வைத்தோம். ஊசி கோக்க முடிந்தது என்று ஒருவர் சட்டைப் பொத்தானைத் தாமே தைத்துக்கொண்டு வந்து காட்டினார்.

வாரநாளில் வரும் தாதியார் காசநோய் மருந்தைக் கவனித்துக்கொள்கிறார். ஆறு மாதம் இடைவிடாது உட்கொள்ள வேண்டிய மருந்து. பையோடு மாத்திரையும் திருடு போனால் நோய் முற்றி மருந்துக்கு அடங்காமற் போகலாம். ஆகவே மாத்திரைகள் இல்லத்திலேயே இருக்கும். காலையில் வந்து விழுங்கிவிட்டுப் போகலாம். காசநோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் வழங்குகிறது. அது வங்கிக் கணக்கில்தான் சேரும். கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு முகவரி வேண்டும். இங்கேதான் எங்கள் படிவ மேசை வருகிறது.

அம்மேசைக்கு உரியவர், கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் அன்பர். கம்பளியைக் கயிற்றில் கண்டு கொதித்தவரும் அவரே. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டால் திரும்பி வரும் என்பது அவருக்கு மனப்பாடம். தாம் பணியிலிருந்தபோது ‘குறையுடையது’ என்று எழுதித் திருப்பியனுப்பிய தாள்களை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வதாக ஒருநாள் ரயிலில் வரும்போது சொன்னார். அதற்குமேல் விரித்துச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இனிச் சொல்லப்போவது ஒருவரைப் பற்றி. அவர் இசைவு பெற்றே எழுதுகிறோம். ஊரும் பேரும் எழுதுவதற்கு இசைவில்லை.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். திருமண விருந்துகளுக்குச் சமையலாளாகப் போகிறவர். பதிவேட்டில் ஓர் இந்திப் பெயரைக் கொடுத்திருந்தார், இந்தியிலேயே பேசினார். பதினொரு மாதம் ஞாயிறுதோறும் எங்களைப் பார்த்தும், ஒரு மூலையில் அமர்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் சமையற்கட்டில் எங்கள் சகோதரி ஒருவர் சாம்பாருக்குத் தாளிக்கும்போது, “ஐயோ, கடுகு கருகிப் போச்சே!” என்று கூவினார். பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது: “அதை ஊத்தாதீங்கம்மா, கசக்கும். வேற எண்ணெய் வச்சு மறுபடி தாளிங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் கரண்டியை வாங்கித் தாமே தாளித்து முடித்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: “தமிழ் பேசறவங்க ஊர் கேப்பாங்க. ஊரைச் சொன்னா தெருவைக் கேப்பாங்க. தெருவைச் சொன்னா யார் மகன்னு கேப்பாங்க.”

நம்மவர் வழக்கம் அதுதானே? முதற்கேள்வியை நாங்கள் அன்றைக்கே கேட்டுவிட்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சமையல் குத்தகையாளரோடு டில்லிக்கு வந்தவர் அவர். ஊரில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. கடனா, மனத்தாங்கலா என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் எழுந்தது. தாயார் உயிரோடு இருந்தால் அவர் அறிய வேண்டாமா என்றார் தணிக்கை அன்பர். ஊரை மறைப்பதற்காகத் தாய்மொழியையே பதினொரு மாதம் மறைத்தவரிடம், அவர் அறியாமல் கடிதம் எழுதினால் அவருக்கு மிஞ்சியிருக்கும் இந்த ஒரு கூரையும் போய்விடும் என்றார் ஆசிரியை. இரண்டு வாரம் இருவரும் ரயிலில் வெவ்வேறு பெட்டியில் வந்தார்கள். இறுதியில், அவர் சொன்னாலன்றி எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். எல்லோருக்கும் மனநிறைவோடு எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டோம்.

அவர் கேட்டது வேறொன்று. “ஐயா, ஓட்டுப் போடணும். ஊர்ல ஒரு தடவை போட்டிருக்கேன்” என்று படிவ மேசையில் வந்து நின்றார். தாள்களை மூன்று முறை இழந்தவர். ஒருமுறை மழை, ஒருமுறை திருடு, ஒருமுறை துப்புரவு வண்டி. முகவரிச் சான்று எதுவுமில்லை. ஆனால் தேர்தல் ஆணையத்தின் விதிமுறையில் இத்தகையோருக்கென ஒரு வழி இருக்கிறது. வீடற்றவர் படிவம் 6-இல், தாம் உறங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவ்விடத்துக்கு வந்து, அவர் அங்கே உறங்குகிறாரா என்று நேரில் பார்க்க வேண்டும். ஓரிரவு மட்டும் பார்த்தால் போதாது. அவ்வாறு பார்த்து உறுதி செய்துவிட்டால் வசிப்பிடத்துக்கு வேறு ஆவணச் சான்று வேண்டியதில்லை. இவ்விதியைத் தேடிக் கண்டெடுத்த நாளில் எங்கள் தணிக்கை அன்பர் எங்கள் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

படிவத்தில் தந்தை பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. பேனாவை எடுத்தவர் நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தனித் தாளொன்றில் தமிழிலேயே எழுதினார். முதலெழுத்து இரண்டு முறை பிழையாகி, மூன்றாவது முறை திருத்தமாக அமைந்தது. அன்பர் அதைப் பார்த்து இந்தியில் பெயர்த்து எழுதினார். பதிவேட்டில் கொடுத்திருந்த பெயரும் அன்றோடு போயிற்று. நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அது கார்த்திகை மாதம். வடநாட்டில் திருமணங்கள் அடுத்தடுத்து நடைபெறும் காலம். அலுவலர் இரண்டு இரவு வந்து பார்த்தார். இரண்டு இரவும் இவர் குர்காவில் எங்கோ ஒரு விருந்தில் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றிருந்தார். குறிப்பிட்ட இடத்தில் ஆள் இல்லை என்று மனு தள்ளுபடியாயிற்று. அலுவலரைக் குறைசொல்ல வழியில்லை, விதிப்படி நடந்தார். இவரையும் சொல்வதற்கில்லை, நான்கு மாதப் பிழைப்பு அந்த ஆறு வாரத்தில் அடங்கியிருக்கிறது.

“மார்கழி வரட்டும் ஐயா” என்றார் அவர். மார்கழியில் நம் நாட்டில் திருமணம் இல்லை என்பது எல்லோரும் அறிந்தது. சூரியன் தனுர் ராசியில் இருக்கும் அதே மாதத்தை வடக்கே ‘கர்மாஸ்’ என்கிறார்கள். இங்கும் அப்போது முகூர்த்தம் இல்லை. சமையலாட்களுக்கு வேலை இல்லாத அந்த ஒரு மாதத்தில்தான் அவர் இரவுதோறும் தம் இடத்தில் இருப்பார். டில்லியின் கடுங்குளிரும் அதே மாதத்தில்தான்.

எங்களுக்கு அச்சமாக இருந்தது. பகல் இல்லத்தையே முகவரியாகக் கொடுத்துவிடக் கூடாதா என்றால், அங்கே அவர் உறங்குவதில்லை. மாலை ஆறு மணிக்குக் கதவு மூடிவிடும். விடுதியில் ஒரு மாதம் படுங்கள், அதையே முகவரியாகக் கொடுப்போம் என்று மன்றாடினோம். மூன்று முறை பை இழந்தவற்றுள் ஒன்று விடுதியில் நிகழ்ந்தது என்பதை அப்போதுதான் சொன்னார். இரவில் ரோந்து வந்து நடைபாதையில் படுத்திருப்போரை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியிடமிருந்து தப்பி, பாலத்தடியில் தம் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதே அவர் கவலையாக இருந்தது. குளிரிலிருந்து காக்க வரும் வண்டிக்கு ஒளிந்துகொள்வதற்கு நாங்கள் துணைபோகிறோமே என்ற உறுத்தல் எங்களுக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது.

இரண்டு கனத்த கம்பளிகளை வாங்கிக் கொடுத்தோம். பெட்டி வரிசையில் அவர் முறையும் வந்திருந்தது, 41-ஆம் எண்.

சென்ற மார்கழியின் பத்தாம் நாள் இரவு, அலுவலர் வருவதாகச் செய்தி கிடைத்தது. எங்களுள் மூவர் குடுவையில் காப்பியோடு போய்க் காத்திருந்தோம். பதினொன்றரை மணிக்கு மேல் ஸ்கூட்டர் ஒன்று மூடுபனியைத் துளைத்துக்கொண்டு வந்தது. அலுவலர் ஓர் இளம் பள்ளி ஆசிரியை. இரவு நேரமாதலால் கணவர் உடன்வந்திருந்தார். கைவிளக்கை அடித்துப் பார்த்து, பெயரைக் கேட்டு, குறித்துக்கொண்டார். காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் வருவேன், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்று கூறிச் சென்றார். நான்கு நாள் கழித்து, நாங்கள் யாரும் இல்லாத ஓரிரவில், இரண்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டியல் இன்னும் வெளிவரவில்லை.

பெட்டிகள் இன்னும் நாற்பது வேண்டும். படிக்கும் கண்ணாடிகள் தீர்ந்துவிட்டன. வியாழக்கிழமை படிவ மேசைக்கு ஆளில்லை. இந்தி எழுதத் தெரிந்து, பொறுமையும் உள்ள அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து வர இயலாதவர்கள் தயைசெய்து வர வேண்டாம் என்று அம்மையார் சொல்லச் சொன்னார்.

சென்ற ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் போனபோது அவர் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். கம்பளிகள் இரண்டையும் மடித்து 41-ஆம் பெட்டியில் திணித்து, பூட்டை இழுத்துப் பார்த்தார். தை பிறந்துவிட்டதல்லவா? ரோஹ்தக்கில் ஒரு கலியாணம், மூன்று நாள் வேலை என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.